அமெரிக்காவின் பெரும் டொர்னாடோக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் குடியிருப்பவர்களுக்கு ஏப்ரல், மே வந்தால் ஊரிலிருந்து ஒரு போன் நிச்சயம். “அங்கே சூறாவளியாமே, டிவியில் காட்டினானே, நீங்கள் பத்திரமா?” பெரும்பாலும் அது எங்கள் வீட்டிலிருந்து ஆயிரம் கி.மீ. தள்ளி நடந்திருக்கும். விளக்கம் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி வரும். அப்படி வருடக்கணக்காகக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வானிலை நிபுணன் அல்ல. டாலஸ் அருகே பல வருடமாக வசிப்பவன், இந்த வரலாற்றைக் கொஞ்சம் அதிகமாகவே படித்தவன்.

புயல், சூறாவளி, டொர்னாடோ எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. நம் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் ‘சூறாவளி’ என்று தலைப்புப் போடுவதால் வந்த குழப்பம் இது. 2018-இல் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா கடலில் பிறந்தது. அத்தகைய புயல் பல நூறு கி.மீ. அகலம் இருக்கும்; கரைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே அதன் பெயரும் பாதையும் நமக்குத் தெரிந்துவிடும். டொர்னாடோ இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து யானைத் துதிக்கை போல் தரைக்கு இறங்குவது. பெரும்பாலானவை சில நூறு மீட்டர் அகலம்கூட இருக்காது, சில நிமிடங்களில் கரைந்துவிடும். பெயர் வைக்க ஏது நேரம்? அடித்து முடித்த பிறகு, அடிபட்ட ஊரின் பெயரே அதன் பெயராகிவிடும். ஜாப்லின், மூர், ஸீனியா எல்லாம் அப்படி வந்தவைதான்.

இன்னொரு வித்தியாசம்: புயல் ஊர் முழுக்க அடிக்கும். டொர்னாடோ தெருவின் ஒரு பக்கத்தை வழித்துத் துடைத்துவிட்டு, எதிர்ப்பக்க வீட்டு வாசலில் இருக்கும் பூந்தொட்டியை விட்டுவைக்கும்.

ஏன் அமெரிக்காவில் மட்டும் இவ்வளவு?

மட்டும் அல்ல. உலகிலேயே அதிக உயிர் குடித்ததாகக் கருதப்படும் டொர்னாடோ 1989-இல் வங்கதேசத்தில் அடித்தது. ஆனால் எண்ணிக்கையில் அமெரிக்காவை மிஞ்ச ஆளில்லை: வருடத்துக்குச் சுமார் 1,200. தெற்கே மெக்சிகோ வளைகுடாவின் வெதுவெதுப்பான ஈரக்காற்று, மேற்கே ராக்கி மலைகளைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்று, வடக்கே கனடாவின் குளிர். மூன்றும் மோதிக்கொள்ளும் இடத்தில் தடுக்க மலையில்லாத சமவெளி. வசந்த காலத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

வரலாற்றிலேயே கொடியது எது?

1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இண்டியானா என்று மூன்று மாநிலங்களைக் கடந்து போன ‘மும்மாநில டொர்னாடோ’. 695 பேர் இறந்தார்கள். மதியம் ஒரு மணிவாக்கில் மிசௌரியின் காட்டுப் பகுதியில் தொடங்கி, மூன்றரை மணி நேரத்தில் 352 கி.மீ. ஓடியது. சராசரி வேகம் மணிக்கு 100 கி.மீ. அன்றைய கார்களால் அதை முந்தியிருக்க முடியாது. அது ஒரே டொர்னாடோவா, வால் பிடித்து அடுத்தடுத்து வந்தவையா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்றும் முழுதாக ஓயவில்லை.

வந்தது டொர்னாடோ என்றே பலருக்குத் தெரியவில்லை. துதிக்கை வடிவம் கண்ணுக்குப் படவில்லை. தரையோடு தரையாகக் கொதித்து உருண்டுவரும் கரும்புகை மாதிரிதான் இருந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். மர்ஃபிஸ்பரோ என்ற ஒரே ஊரில் 234 பேர். காற்று போனதும் அங்கே தீப்பிடித்தது. நீரேற்று நிலையமே நொறுங்கிப்போயிருந்ததால் தீயணைப்புக் குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து ஊரான டி சோட்டோவில் பள்ளிக்கூடம் இடிந்து 33 பிள்ளைகள் இறந்தார்கள்.

எனக்கு மறக்காதது வெஸ்ட் ஃபிராங்ஃபர்ட். அது நிலக்கரி ஊர். ஆண்களில் பெரும்பகுதியினர் அந்த நேரத்தில் பூமிக்கு அடியில், சுரங்கத்தில். மின்சாரம் போய் லிஃப்ட் நின்றதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே செய்தி. குறுகலான ஏணி வழியில் ஒவ்வொருவராக ஏறி மேலே வந்து பார்த்தால், காலையில் விட்டுப் போன தெரு இல்லை. அந்த ஊரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும்.

அன்று யாருமே முன்கூட்டி எச்சரிக்கவில்லையா?

எச்சரிக்கை இருக்கட்டும், அந்தச் சொல்லையே எழுத அனுமதியில்லை. 1880-களில் ஜான் ஃபின்லி என்ற ராணுவ அதிகாரி டொர்னாடோக்களைக் கணிக்க முயன்றார். மக்கள் பீதியடைவார்கள், காற்று செய்வதைவிடப் பீதி செய்யும் கேடு அதிகம் என்று மேலிடம் முடிவு கட்டியது. 1887 முதல் 1938 வரை அரசின் வானிலை அறிவிப்பில் ‘டொர்னாடோ’ என்ற சொல்லுக்கே தடை. 695 பேர் செத்தது அந்தத் தடைக்காலத்தின் நட்டநடுவில்.

முதல் வெற்றிகரமான கணிப்பு வர 1948 ஆகியது. அந்தக் கதை கொஞ்சம் வேடிக்கை. மார்ச் 20 இரவு ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் டொர்னாடோ புகுந்து விமானங்களைச் சுக்குநூறாக்கியது. தள வானிலை அலுவலர்கள் எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் இருவருக்கும் விசாரணை, ‘இனி இப்படி நடக்கக் கூடாது’ என்ற உத்தரவு. பழைய வரைபடங்களையெல்லாம் புரட்டிப் படித்தார்கள். ஐந்தே நாளில், மார்ச் 25 காலை, வானிலை வரைபடம் அச்சு அசலாக 20-ஆம் தேதி மாதிரியே இருந்தது. ஒரே தளத்தை ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு டொர்னாடோ தாக்குமா? வாய்ப்பு மிகமிகக் குறைவு. இருந்தாலும் ஜெனரலின் நெருக்குதலில் அறிவிப்பு வெளியிட்டார்கள். விமானங்களைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். மாலை வரை ஒன்றும் இல்லை. மில்லர் மனம் நொந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு மணி சுமாருக்கு டொர்னாடோ சொல்லிவைத்தாற்போல் தளத்துக்குள் நுழைந்தது. வானொலி செய்தியில் கேட்டுத்தான் மில்லருக்கே விஷயம் தெரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

‘வாட்ச்’, ‘வார்னிங்’ என்று இரண்டு சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

வாட்ச் என்றால் இன்று வரக்கூடிய சூழல் இருக்கிறது, காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். வார்னிங் என்றால் ரேடாரில் சுழற்சி தெரிகிறது அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள், உடனே உள்ளே போங்கள். சமையலறை பாஷையில் சொன்னால், வாட்ச் என்பது அடுப்பில் பால் வைத்திருக்கிறது. வார்னிங் என்பது பால் பொங்குகிறது.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஒரு நாள் இருக்கிறது: 1965 ஏப்ரல் 11, குருத்தோலை ஞாயிறு. மத்திய மேற்கு மாநிலங்களில் ஒரே நாளில் டஜன் கணக்கில் டொர்னாடோக்கள், 260-க்கும் மேற்பட்ட சாவுகள். அறிவிப்புகள் போயிருந்தன. ஆனால் எது ‘வரலாம்’, எது ‘வந்துவிட்டது’ என்று மக்களுக்குப் பிடிபடவில்லை. அதன் பிறகே சொற்களைத் தெளிவாகப் பிரித்தார்கள்.

அதே மாதிரி 1953. மே 11 அன்று டெக்சாஸின் வேக்கோ நகரில் 114 பேர், ஜூன் 8 அன்று மிச்சிகனின் ஃபிளிண்ட் அருகே 116 பேர், மறுநாளே மாசசூசெட்ஸின் ஊஸ்டர் பகுதியில் 94 பேர். வேக்கோவைச் சுற்றி மேடுகள் இருப்பதால் டொர்னாடோ அண்டாது என்று ஓர் ஐதீகம் அந்த ஊரில் இருந்தது. மழைக்கு ஒதுங்கக் கடைத்தெருவின் செங்கல் கட்டடங்களுக்குள் ஓடியவர்கள் மேல் அந்தக் கட்டடங்களே விழுந்தன. நாடெங்கும் ரேடார் வலையமைப்பு வேண்டும் என்ற பேச்சுக்கு வேகம் கொடுத்த வருடம் அது. இங்கே ஒவ்வொரு ஏற்பாட்டையும் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், அடியில் ஓர் ஊர் இருக்கும்.

இ.எஃப். 3, இ.எஃப். 5 என்பதெல்லாம் காற்றின் வேகமா?

நேரடியாக அல்ல. இ.எஃப். என்பது ‘மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா’ அளவுகோல், 0 முதல் 5 வரை. எண்ணைத் தருவது சேதம். வீடு எப்படி இடிந்தது, மரத்தின் பட்டை உரிந்ததா என்று நடந்து பார்த்து, அதிலிருந்து வேகத்தை ஊகிக்கிறார்கள். இந்த முறையின் தந்தை டெட் ஃபுஜிட்டா. ஜப்பானின் கியூஷு தீவில் பிறந்தவர்; இளம் வயதில் நாகசாகியில் அணுகுண்டு விழுந்த இடத்தைப் போய் ஆராய்ந்தவர். மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்து மேலே நடந்ததைப் படிக்கும் கண் அவருக்கு அங்கே வாய்த்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபடி 1971-இல் தன் அளவுகோலை வெளியிட்டார். 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 13 மாநிலங்களில் 148 டொர்னாடோக்கள் அடித்து, ஒஹையோவின் ஸீனியா உட்பட எத்தனையோ ஊர்கள் உருக்குலைந்தபோது, விமானத்தில் பறந்து பாதைகளை வரைந்தார். இவ்வளவு செய்தவர் 1982 வரை ஒரு டொர்னாடோவைக்கூட நேரில் பார்த்ததில்லை!

சேதத்தை வைத்து அளப்பதால் விசித்திரங்களும் உண்டு. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோ அருகே அடித்தது 4.2 கி.மீ. அகலம், அமெரிக்காவில் பதிவானதிலேயே அகலமானது. ரேடாரில் பயங்கர வேகம் தெரிந்தது. ஆனால் போனது பெரும்பாலும் வயல்வெளி; இடிய வீடில்லை. எனவே தரம் இ.எஃப். 3 மட்டும்.

பழைய சாவு எண்ணிக்கைகளை நம்பலாமா?

பாதி நம்பலாம். 1840 மே 7 அன்று மிசிசிப்பியின் நேட்செஸில் 317 பேர் இறந்ததாகக் கணக்கு. பெரும்பாலோர் ஆற்றில் படகுகளில் இருந்தவர்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இறந்த அடிமைகள் அந்தக் கணக்கில் ஒழுங்காகச் சேர்க்கப்படவில்லை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சரி, அது அடிமைக் காலம் என்பீர்கள். 1936 ஏப்ரல் 5, மிசிசிப்பியின் டுபெலோ: 216 பேர். அன்றைய பட்டியலிலும் கறுப்பின மக்களின் சாவுகள் முழுதாக ஏறவில்லை. அடிபட்டதில் பெரும்பங்கு அவர்கள் குடியிருப்பு என்பதால் உண்மைத் தொகை கூடுதலாகவே இருக்கும். அந்த ஊரில் அன்று பிழைத்தவர்களில் ஒன்றேகால் வயதுக் குழந்தை எல்விஸ் பிரெஸ்லியும் ஒருவர். இந்தத் தகவலை எல்லோரும் சொல்வார்கள், முந்தையதைச் சொல்வதில்லை.

மறுநாள் ஜார்ஜியாவின் கெயின்ஸ்வில்லில் இன்னும் 200 பேர். ஒரு கால்சட்டைத் தொழிற்சாலை இடிந்து தீப்பிடித்ததில் மட்டும் 70 பேர் சுமார்.

எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் ஆங்கிலம் தெரியாதவர்கள் கதி?

இதைக் கேட்டது என் அம்மா. பதில்: சாரகோசா. மேற்கு டெக்சாஸில் ஸ்பானிய மொழி பேசும் சின்னஞ்சிறு ஊர். 1987 மே 22 மாலை, சமூகக் கூடத்தில் மழலையர் பள்ளிப் பட்டமளிப்பு. தாய் தகப்பன், தாத்தா பாட்டி எல்லோரும் கூடியிருந்தார்கள். எச்சரிக்கை வெளியானது. ஆனால் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஸ்பானிய ஒளிபரப்பு எங்கிருந்தோ வருவது, அதில் உள்ளூர் எச்சரிக்கை வராது. 30 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்தக் கூடத்தில்.

2019 அக்டோபர் 20 ஞாயிறு இரவு டாலஸ் நகரின் வடபகுதியில் டொர்னாடோ புகுந்தது. ஒன்பது மணி சுமாருக்கு என் போன் அலறியது. எங்கள் பேட்டைக்கு அது வரவில்லை என்றாலும், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரி அறைக்குள் எல்லோரும் ஒடுங்கினோம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குச் சைரன் என்றால் மில் சங்கு. போனில் வந்த ஆங்கிலத்தைப் பார்த்துவிட்டு, “என்னடா பில்லா?” என்று கேட்டார். அன்று 22 கி.மீ.க்கு மேல் வீடு, கடை, பள்ளி என்று உடைத்தும் டொர்னாடோவால் யாரும் சாகவில்லை. அம்மா மட்டும் தனியாக வீட்டில் இருந்திருந்தால் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைப் பிசையும்.

ஜாப்லினில் சைரன் அடித்தும் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள்?

2011 இங்கே கறுப்பு வருடம். ஏப்ரல் 27 அன்று தெற்கு மாநிலங்களில், முக்கியமாக அலபாமாவில், ஒரே நாளில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் மே 22 ஞாயிறு மாலை, மிசௌரியின் ஜாப்லின். ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். 158 பேர் நேரடியாக இறந்தார்கள். 1950-க்குப் பிறகு ஒரே டொர்னாடோவில் இவ்வளவு சாவு வேறில்லை.

எச்சரிக்கை 5:17-க்கு வந்தது. ஊரை அது எட்ட இன்னும் கால் மணி நேரம் இருந்தது. சைரன் முதலில் 5:11-க்கு அடித்து ஓய்ந்தது. அங்கே சைரன் அடிக்கடி கேட்கும் சத்தம். நாடு முழுக்க டொர்னாடோ எச்சரிக்கைகளில் நான்கில் மூன்று பொய்த்துப்போகின்றன. ஆகவே ஜாப்லின்காரர்கள் உலகத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தார்கள்: டிவியைப் போட்டார்கள், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், அண்ணனுக்குப் போன் போட்டார்கள். மழைத்திரை சுற்றியிருந்ததால் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. 5:38-க்கு மறுபடி சைரன். அதற்குள் அது ஊருக்குள் இருந்தது. அன்றுதான் உயர்நிலைப் பள்ளியின் பட்டமளிப்பு விழா வேறு. முடிந்து வீடு திரும்பிய குடும்பங்கள் சாலையில்.

ஒன்பது மாடி செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் கண்ணாடிகள் ஒன்று விடாமல் உடைந்தன. ஜெனரேட்டரும் போனதால் மின்சாரம் அறவே இல்லை. வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் சிலர் இறந்தார்கள். இருட்டில், தண்ணீர் ஒழுகும் படிக்கட்டுகளில் மற்றவர்களைத் தூக்கி இறக்கினார்கள். எக்ஸ்ரே படங்களும் நோயாளிக் கோப்புகளும் நூறு கி.மீ. தள்ளி வயல்களில் கிடந்தன.

பிழைத்தவர்களையும் அது விடவில்லை. காற்று மண்ணையும் மரச்சிராய்களையும் உடம்புக்குள் ஆழமாக அடித்திருந்தது. தைத்து மூடிய புண்களில் சில நாளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கொரோனா காலத்தில் நாம் ‘கறுப்புப் பூஞ்சை’ என்று கேள்விப்பட்டோமே, அந்தக் குடும்பம்தான். 13 பேருக்கு வந்தது. 5 பேர் இறந்தார்கள்.

எச்சரிக்கையின் வாசகம் இதற்குப் பிறகு மாறியது. 2012-இலிருந்து முதலில் மிசௌரி, கன்சாஸ் பகுதிகளில், பிறகு நாடெங்கும், ‘டொர்னாடோ வருகிறது’ என்பதோடு அது என்ன செய்யும் என்பதையும் அறிவிப்பில் சேர்த்தார்கள்.

சைரன் பற்றி ஒரு கொசுறு: 2017 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவு நெருங்கும்போது டாலஸின் 156 சைரன்களையும் ஒரு விஷமி ஊடுருவி அலறவிட்டான். வானம் துடைத்த மாதிரி இருந்தது. இப்படி ஒரு ராத்திரி கழிந்த ஊரில் அடுத்த சைரனை எவன் நம்புவான்?

காரில் போகும்போது வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாமா?

கூடாது. 1991-இல் கன்சாஸ் நெடுஞ்சாலையில் ஒரு டிவி குழு பாலத்தடியில் ஒதுங்கிப் பிழைத்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அது பலவீனமான டொர்னாடோ, பாலத்தின் மேல் நேராகவும் வரவில்லை. வீடியோ அதைச் சொல்லவில்லை. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் பிரிட்ஜ் கிரீக், மூர் வழியாக அடித்ததில் ரேடார் அளந்த வேகம் மணிக்கு 480 கி.மீ.க்கும் மேல். அன்று பாலத்தடியை நம்பியவர்களில் மூன்று பேர், மூன்று வெவ்வேறு பாலங்களுக்கு அடியில், இறந்தார்கள். இடுக்கு வழியில் காற்று இன்னும் வேகமெடுக்கும். பறந்து வரும் தகரமும் கட்டையும் அங்கேதான் வந்து சேரும்.

ஜன்னல்களைத் திறந்து வைத்தால் வீடு வெடிக்காது என்பதும் கதை. டொர்னாடோ அதைத் தானே திறந்துகொள்ளும்.

யார் அதிகம் சாகிறார்கள்?

இழுத்துவந்து நிறுத்தும் தகர வீடுகளில் வசிப்பவர்கள். இங்கே ‘மொபைல் ஹோம்’ என்பார்கள். விலை குறைவு என்பதால் வாங்குவது. வீட்டுக்குள் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இவற்றில். 2019 மார்ச்சில் அலபாமாவின் லீ மாவட்டத்தில் இறந்த 23 பேரில் மிகப் பெரும்பாலோர் அப்படி.

அடுத்தது இரவு வேலை. 2021 டிசம்பர் 10 இரவு, கென்டக்கியின் மேஃபீல்டைச் சிதைத்த டொர்னாடோ 57 பேரைக் கொன்றது. அந்த ஊர் மெழுகுவத்தி ஆலையில் கிறிஸ்துமஸ் ஆர்டருக்காக 110 பேர் சுமார் வேலையில் இருந்தார்கள். கிளம்பினால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர்கள் மிரட்டியதாகத் தொழிலாளர்கள் சிலர் சொன்னார்கள், நிர்வாகம் மறுத்தது. அதே இரவு இல்லினாயில் ஒரு பார்சல் கிடங்கு இடிந்து 6 பேர்.

அழிந்த ஊர்கள் மறுபடி எழுந்தனவா?

கன்சாஸின் கிரீன்ஸ்பர்க்கை 2007 மே 4 இரவு இ.எஃப். 5 டொர்னாடோ 95 சதவீதம் அழித்தது. பெயருக்கு ஏற்ப ஊரைப் ‘பச்சையாக’ கட்டுவோம் என்று காற்றாலை மின்சாரம், சிக்கனக் கட்டடங்கள் என்று கட்டினார்கள். உலகமே வந்து படம் எடுத்தது. ஆனால் 1,400 பேர் சுமார் இருந்த ஊரில் 2010 கணக்கெடுப்பில் 800-க்கும் குறைவு. வயதானவர்கள் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். கட்டடம் எழுந்த அளவுக்கு ஆள் திரும்பவில்லை.

ஜாப்லின் நேர்மாறு. பள்ளிகளை ஆகஸ்ட் 17-க்குத் திறப்போம் என்றார்கள்; ஒரு மாலில் காலியாகக் கிடந்த கடையில் வகுப்பு வைத்துத் திறந்தார்கள். புது மருத்துவமனை 2015-இல் வந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவின் ஜன்னல்கள் மணிக்கு 400 கி.மீ. காற்றைத் தாங்கும். மூரில் 1999-க்குப் பிறகு 2013 மே 20 அன்று மறுபடி அடித்து, ஒரு தொடக்கப் பள்ளியில் மட்டும் 7 பிள்ளைகள் போனார்கள். அடுத்த வருடமே அந்த ஊர் வீடு கட்டும் விதியைக் கடுமையாக்கியது: கூரையையும் சுவரையும் இணைக்க இரும்புப் பட்டை, மணிக்கு 215 கி.மீ. காற்றைத் தாங்கும் வலு.

ஒரே இடத்தில் இரண்டு தடவை அடிக்காது என்கிறார்களே?

கன்சாஸில் காடெல் என்று ஓர் ஊர். 1916, 1917, 1918 என்று மூன்று வருடமும் டொர்னாடோ அதைத் தாக்கியது. மூன்று முறையும் தேதி மே 20.

உங்கள் அலமாரி அறையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

சைக்கிள் ஹெல்மெட்கள், டார்ச், விசில், தண்ணீர், போன் சார்ஜர், பாஸ்போர்ட் நகல். எல்லாவற்றையும்விட முக்கியம் ஷூ. செருப்பு உதவாது, முடிந்த பிறகு தெரு முழுக்க ஆணியும் கண்ணாடியும்தான். ஆளுக்கு ஒரு பழைய ஜோடி உள்ளேயே கிடக்கும். அம்மா வரும்போது அவருக்கும் ஒன்று வாங்கி வைத்தோம். அவர் அதைப் போட்டுக்கொண்டு காலையில் வாக்கிங் போய்விட்டு வாசலில் கழற்றிவிடுகிறார். நான் தினமும் எடுத்துக் கொண்டுபோய் உள்ளே வைக்கிறேன்.